வெனிஸில் தொலைந்ததும் தொலையாததும்

செந்தூரன்,

நேற்று கிளினிக்கில் ஞாபகப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் வைத்தே நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது, நீ கவனிக்கவில்லை. "அம்மா, ஃபுல் மார்க்ஸ்! எல்லாத்துக்கும் சரியாச் சொல்லியிருக்கிறியள்!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாய். வீடு வந்து சேரும் வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தாய். ஹில்ஸ்பரோவில் என் வீட்டை விற்கிற பேச்சு இனி இல்லை, கிளென்ஃபீல்டில் உங்கள் வீட்டுக் கீழறையை எனக்காகத் திருத்துகிற பேச்சும் இல்லை, நான் இருக்கிறபடியே இருக்கலாம் என்றாய். மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். ஆனால் நீ போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்தது வேறொன்று. பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு முதலாம் பிள்ளையாக வந்த ஒருத்திக்கு இருக்கக்கூடிய கூச்சம் என்று வைத்துக்கொள். அதனால்தான் காலையிலிருந்து இந்தக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளியில் நீ படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் மருமகள் நித்யாவை வாசித்துக் காட்டச் சொல். அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது. அவள் கேட்டால் நல்லது.

வெனிஸில் அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன் இத்தாலியில் நான் சந்தோஷமாக இருந்ததைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயணம் முழுவதையும் நான் வெறுத்தேன் என்று நினைத்துவிடுவாய். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு உன்னுடைய பரிசு என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனாய். ரோமில் முதல் நாள் அந்தப் பழைய வட்டக் கோயிலுக்குள் நாங்கள் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது ஞாபகமா? கூரையின் நடுவில் பெரிய ஓட்டை, அதற்குள்ளால் மழை நேரே தரையில் கொட்டுகிறது, ஊரெல்லாம் சுற்றி நின்று அதைப் பார்க்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒனேஹங்கா முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவளுக்கு எங்கே போனாலும் தரையில் தண்ணீரைக் கண்டால் யார் துடைக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அன்றைக்கு அது என் பொறுப்பில்லை என்று நினைத்தபோது வந்த சிரிப்பு அது. தெருக் குழாயில் கையை ஏந்தித் தண்ணீர் குடித்தது, நித்யா கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் உன் வெள்ளைச் சட்டையில் கசிந்தது, அதே ஊறுகாயை மத்தியானம் மூன்று பேரும் பீட்சாவில் வைத்துச் சாப்பிட்டது, எல்லாம் எனக்கு நல்ல நினைவுகள்.

சலிப்பும் இருந்தது. உன் போனில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வேலை எழுதி வைத்திருந்தாய். ஒன்பதுக்கு இது, பத்தேகாலுக்கு அது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஃப்ளோரன்ஸுக்குப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று உன்னிடம் கேட்டேன். பிறகும் கேட்டேனாம். மூன்றாம் தரமும் கேட்டேனாம். எனக்கு இரண்டு தரம்தான் ஞாபகம். ஆனால் நீ பதில் சொன்ன குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, கொஞ்சம் உரத்து, முகத்தில் ஒரு சிரிப்போடு. அந்தக் குரலை நான் எங்கேயும் போய்ப் படிக்கத் தேவையில்லை. பத்தொன்பது வருடம் நானே அந்தக் குரலில்தான் பேசினேன்.

ஃப்ளோரன்ஸில் அந்தப் பெரிய தேவாலயத்தின் கோபுரத்துக்கு நான் ஏறவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒடுங்கிய படிகள் என்றதும் நீ கீழேயே நின்றுவிட்டாய், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அடைத்த இடம் ஒத்துவராது. நித்யாதான் என்னோடு வந்தாள். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. "அத்தை, அவசரமே இல்ல. பின்னாடி வர்றவங்க வெயிட் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மேலே காற்று அடித்தது. கீழே ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு. அவளும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தோம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவளுடைய கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. அதுதான் அந்தப் பயணத்தின் உச்சம் எனக்கு. அதே நாள் பின்னேரத்துக்குள் நான் அவளோடு கோபித்துக்கொண்டேன், அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை. கொஞ்சம் படுங்கோ என்று சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் பக்கத்து அறைக்குப் போனீர்கள். நாங்கள் தங்கியிருந்த அந்தப் பழைய வீட்டுச் சுவர் வெறும் பலகை. நான் தூங்கவில்லை.

"ரெண்டு பேரா வந்திருக்கணும்ங்க," என்றாள் நித்யா. "அஞ்சாவது வருஷத்துக்குன்னு நீங்கதானே பிளான் பண்ணீங்க?"

"அவவைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? நீர் கண்டனீர்தானே, ட்ரெயின் டைம் மூண்டு தரம் கேட்டவ. போன மாசம் அடுப்பை நிப்பாட்டாமல் கோயிலுக்குப் போட்டா. இனி அவவை அந்த வீட்டில தனிய விடேலாது. வீட்டை வித்துப்போட்டு எங்களோட கூட்டிக்கொண்டு வரவேணும்."

"அப்போ அதை அவங்ககிட்டயே பேசுங்க. அவங்களுக்குத் தெரியாம அவங்க வீட்டைப் பத்தி முடிவு பண்ணாதீங்க. எனக்கு அது பிடிக்கலை."

"சொன்னா அழுவா," என்றாய் நீ.

நித்யா, இந்த இடத்தை நீதான் வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் ஒரு நிமிடம் நிறுத்திக் கேள். நீ எனக்காகப் பேசியதை நான் அன்றே கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஆனாலும் "ரெண்டு பேரா வந்திருக்கணும்" என்பதை மட்டும் எடுத்து மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளாதது போல் மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன். மகனோடு கோபிப்பதைவிட மருமகளோடு கோபிப்பது லேசு. அது அநியாயம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

செந்தூரன், அந்தப் பரிசு பரிசில்லை என்பது எனக்கு வலித்தது. அதைவிட அடுப்பு விஷயம் குழப்பியது. நான் அடுப்பை நிறுத்தினேன் என்று இன்றைக்கும் என் கை சொல்கிறது. திருகியதே ஞாபகம் இருக்கிறது. ஆனால் சட்டி கருகியிருந்ததும் உண்மை. என் கையை நம்புவதா, சட்டியை நம்புவதா?

இரண்டு நாள் கழித்து வெனிஸ். அந்தப் பெரிய சதுக்கத்தில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நெரிபட்டார்கள். படகுக்கு டிக்கெட் எடுக்க நீங்கள் இருவரும் வரிசைக்குப் போனீர்கள். போகுமுன் என்னை ஒரு தூணடியில் நிறுத்தினாய். "அம்மா, இதிலயே நில்லுங்கோ. ஒரு இடமும் அசையாதேங்கோ. புரொமிஸ்?" என்று சொல்லிச் சுண்டுவிரலை நீட்டினாய். நானும் ஓம் என்று சொல்லி என் விரலைக் கோத்தேன்.

நான் வேலை செய்த இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். முன்பு கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். ஒவ்வொரு நாளும் மத்தியானம் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போவார். நான் போய் முழங்கையைப் பிடித்து, இன்றைக்கு பஸ் இல்லை, நாளைக்குப் போகலாம் என்பேன். தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார். நல்ல பராமரிப்பாளர் என்று எனக்குப் பெயர், நோயாளிகளோடு சண்டை பிடிக்காமல் சமாளிப்பேன் என்று. அவர் சாகும் வரைக்கும், எங்கே போக வெளிக்கிட்டீர்கள் என்று நான் ஒரு தரமாவது கேட்டதில்லை. தூணடியில் நின்றபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். பிறகு நடந்தேன்.

வழி தவறிவிட்டது என்று நான் உனக்குச் சொன்னது பொய். எனக்குத் தெரிந்தே நான் போனேன். இடது பக்கத்து வளைவுக்குள்ளால் நுழைந்து, ஒரு சின்னப் பாலத்தில் ஏறி இறங்கினேன். கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். உன் பெயர். நான் அதை நிறுத்திவிட்டு, முழுதாகவே அணைத்து, பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தேன். அது மறதி இல்லை. நீ கொஞ்சம் தேடட்டும் என்றுதான் நினைத்தேன். இப்படி எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் அன்றைக்குக் கூசவில்லை. செந்தூரன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு படகில் பெரிய அலுமாரியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இரண்டு பேர் போனார்கள், ஒருவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டுக்கு நடுவில் கொடியில் காய்ந்த போர்வைகளுக்குக் கீழே நடந்தேன். காலையில் ஹொட்டலில் எடுத்து வைத்த பாண் துண்டை ஒரு தேவாலயப் படியில் இருந்து தின்றேன். எனக்கு எந்த நேரத்தில் எங்கே நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு திரும்பினேன். பாலத்தைக் கடந்து வளைவுக்குள் நுழைந்தால் தூண் தெரியவேண்டும். பாலம் இருந்தது, வளைவு இல்லை. வேறு பாலம். அதுவரைக்கும் பரவாயில்லை, வெனிஸில் எல்லாருக்கும் நடப்பது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு சின்னச் சந்தியில், மூடியிருந்த கடை வாசலில் நான் போய் நின்றேன். உன் அப்பா வரட்டும் என்று நின்றேன். அவர் ஏதோ வாங்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார், அதுவரைக்கும் அசையக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் போய் நாலு வருடம். ஆஸ்பத்திரியில் அவருடைய கண்ணை மூடிவிட்டதே நான்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமாகவும் இருக்கலாம். பயமே இருக்கவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னை அங்கிருந்து அசைத்தது ஒரு குரல். எதிர்ப் பாலத்தின் படியில் ஒரு பெண், வயது ஐம்பது இருக்கும், ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டு, தான் பின்பக்கமாகக் காலை வைத்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தாள். "எக்க... தெக்க... துன..." என்று எண்ணினாள். சிங்களம். நான் யோசிக்கவே இல்லை. போய் ஒரு பக்கத்து முழங்கையைப் பிடித்தேன். வேலையில் இருந்த நாள் மாதிரி. கீழே இறங்கியதும் அவள் என்னைப் பார்த்து, "சிலோனா நீங்க?" என்று தமிழில் கேட்டாள்.

"ஓம், யாழ்ப்பாணம். இப்ப நியூசிலாந்து."

"நான் சிலாபம். எனக்குத் தமிழ் வரும், கொஞ்சம் கொஞ்சம். பேரு மர்லின். இங்க இருபது வருஷமா இருக்கேன், இவங்களோட ஆறு வருஷம்."

கிழவி என் கையை விடவில்லை. அதனால் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மர்லின் சூப் சுட வைத்தாள், நான் கிழவிக்குப் பருக்கினேன், எங்களுக்கு அவள் பால்தேத்தண்ணி ஊற்றினாள். கிழவி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மர்லினைப் பார்த்து ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறா என்றேன்.

"நீ யாருன்னு கேக்கிறாங்க அக்கா. டெய்லி கேப்பாங்க, நான் டெய்லி சொல்லுவேன். ரொம்பக் கோவம் வந்தா பல்கனில போய் நிப்பேன். ஊர்ல என் அம்மாவை வேற ஒரு பொம்பளை பாக்குது. அதுவும் இப்பிடித்தான் பல்கனிக்குப் போகுமோ என்னமோ."

நாங்கள் சிரித்தோம். வேலைக் கதைகள் கதைத்தோம், படுத்தபடி இருக்கிறவரை எப்படிப் புரட்டுவது, குளிக்க மாட்டேன் என்கிறவரிடம் என்ன சொல்வது என்று. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை. பிறகு மர்லின் சாதாரணமாகக் கேட்டாள். "அக்கா யாரோட வந்தீங்க?"

"மனிசனோட," என்றேன். "அவர் அங்காலை நிக்கிறார்."

புருஷனோடு வந்தேன் என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் உடனே திருத்தினேன். இல்லை, மகனோட, மகனும் மருமகளும் என்றேன். ஆனால் மர்லின் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அந்தப் பார்வையும் எனக்குத் தெரியும். அவள் மேசைக்கு மேலால் கையை நீட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அக்கா, போனைக் கொஞ்சம் தாங்க."

மிச்சம் உனக்குத் தெரியும். நீ ஓடி வந்தாய். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. "நாலு மணித்தியாலம் அம்மா! பொலிசுக்குச் சொல்லியாச்சு! தண்ணிக்குள்ள விழுந்திட்டியளோ எண்டு..." என்று கத்தினாய், பிறகு முடிக்காமல் அந்தப் பாலத்துப் படியில் இருந்து அழுதாய். நித்யா உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மர்லின் வாசலில் நின்று, "தம்பி, அம்மாவை ஒருக்கா..." என்று தொடங்கினாள். உனக்கு ஞாபகம் இருக்கலாம். நான் அவளை முடிக்க விடவில்லை. "வழி மாறிப் போட்டன் ராசா, அவ்வளவுதான்" என்று சொல்லி உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. நீ அதை உடனே நம்பினாய். பொய் சொன்னவள் நான், ஆனாலும் நீ அவ்வளவு கெதியாக நம்பியது எனக்குக் குத்தியது. என் அம்மாவுக்கு வழி தவறாது என்று நினைத்து நீ ஒரு நொடியாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

அன்றைக்கு நீ அழுததைப் பார்த்தபோது நான் செய்த இன்னொரு பிழையும் நினைவுக்கு வந்தது. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம், மவுண்ட் ரொஸ்கிலில் வாடகை வீடு, உனக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் காணவில்லை. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தெருத் தெருவாக ஓடினோம். நீ மூலைக்கடை டெய்ரி வாசலில், பால் பெட்டிக்கு மேல் இருந்து பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாய். எல்லாருக்கும் முன்னால் நான் உன்னை அடித்தேன். நீ அழாமல், "நான் தொலையேல்லை அம்மா, எனக்கு வீடு தெரியும்" என்றாய். அதற்காக இன்னும் ஒன்று அடித்தேன். முதல் அடி பயத்தில் விழுந்தது, எந்தத் தாயும் அடித்திருப்பாள். இரண்டாவது அடிக்கு எனக்கு ஒரு நியாயமும் இல்லை. நீ சொன்னது உண்மை என்பதால் விழுந்த அடி அது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது ஒருநாள் காணாமல் போய்க் கிடைத்தால், எத்தனை பஸ் எண்ணினாய் என்று முதலில் கேள். கத்துவதற்கு நேரம் பிறகும் இருக்கும்.

திரும்பி வந்தபிறகு நீ வேகமாகக் காரியம் பார்த்தாய். டொக்டருக்குப் போன் பண்ணினாய். வீடு விற்றுக் கொடுக்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்து, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லி அறை அறையாகக் காட்டினாய். அவள் என் அறைக்குள் நின்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த ரோஷத்தில் ஒன்று முடிவு செய்தேன், இந்தப் பரீட்சையில் நான் தோற்கக் கூடாது.

இப்போது நேற்றைய புள்ளிகளுக்கு வருகிறேன். அந்தக் கேள்விகளை நான் பத்தொன்பது வருடமாகக் காதால் கேட்டு வந்திருக்கிறேன். நேர்ஸ் கேட்பா, எங்கள் இல்லத்து ஆட்கள் முழிப்பார்கள், நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்ன கிழமை, என்ன திகதி, என்ன பருவகாலம் என்று கேட்பார்கள் என்று தெரியும். காலையில் எழும்பியதும் பேப்பரைப் பார்த்துப் பாடமாக்கினேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். மூன்று வாரமாகக் கோப்பை கழுவும்போது தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று சொல்லிச் சொல்லி அது மந்திரம் மாதிரி வாயில் நின்றது. சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கேட்ட உடனே அவற்றை ஒரு சின்னக் கதையாகக் கோத்துவிட்டால் மறக்காது. அந்தத் தந்திரத்தை எங்கள் கிழவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். மணிக்கூடு ஒன்றைப் படமாகக் கீறச் சொன்னாள், பரீட்சை வைத்த அந்தப் பிள்ளை. பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பதை முதலில் போட்டால் மற்ற இலக்கங்கள் பிசகாது. கீறிக் கொடுத்தேன். "வாவ், பெர்ஃபெக்ட்" என்றாள். பாவம், நல்ல பிள்ளை.

ஆகவே நீ கார் நிறுத்துமிடத்தில் கட்டிப்பிடித்தது யாரை? இவ்வளவையும் மூன்று வாரமாகத் திட்டம் போட்டுச் செய்தவளுக்கு மூளை நன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இவ்வளவு கவனமாக ஒளிக்கிறாள் என்றால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று மறுபக்கம் தோன்றுகிறது. வெனிஸில் நான் வேண்டுமென்றுதான் போனேன் என்று சொன்னால் நீ, அம்மா நல்லாத்தான் இருக்கிறா, ஆனால் என்னை இப்படி வதைத்தாவே என்று நினைப்பாய். கடை வாசலில் அப்பாவுக்காக நின்றதைச் சொன்னால் நாளைக்கே கீழறைக்குப் பெயின்ட் அடிப்பாய். இரண்டும் ஒரே மத்தியானத்தில் ஒரே ஆளுக்கு நடந்தது. நாற்பது வருடம் கூட இருந்தவர் ஒரு புது ஊரில், ஒரு சந்தியில், வந்துவிடுவார் என்று தோன்றுவது மறதியா, இல்லை அது எந்தப் பெண்சாதிக்கும் வருகிற ஒன்றா? எங்கள் இல்லத்தில் இதே கேள்வியை ஒரு கிழவி கேட்டிருந்தால் நான் அவவின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, கனக்க யோசிக்காதேங்கோ என்று சொல்லியிருப்பேன்.

இன்றைக்குக் காலையில் உனக்கு எழுதத் தொடங்குவதற்கு முன் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். நேற்று இருந்த அதே பிள்ளைதான் எடுத்தாள். நான் பார்த்தெழுதினேன் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அடுப்பையும், கடை வாசலையும், மனிசனோட என்று என் வாய் சொன்னதையும். அவள் அவற்றைக் குறித்துக்கொண்டு, நகர மையத்தில் இதற்கென்றே ஒரு நிபுணர் இருக்கிறார், அங்கே ஒரு முழுக் காலை எடுப்பார்கள், கேள்விகள் வேறு, தலையைப் படமும் எடுப்பார்கள் என்றாள். அந்தக் கேள்விகள் எனக்குத் தெரியாது. அதனால் சரி என்றேன். வீட்டு ஆள் ஒருவரும் வரவேண்டுமாம், அவரிடமும் கேட்பார்களாம்.

அதற்கு முன் உனக்கு இரண்டு விஷயம். ஒன்று, நீயும் நித்யாவும் இத்தாலிக்குத் திரும்பவும் போங்கள், இருவராக. போனில் எதையும் எழுதி வைக்காதே. இரண்டாவது, என் வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ கதைக்கவேண்டும் என்றால் நான் இருக்கிற மேசையில் வைத்துக் கதை. நான் அழுவேன். அழுதால் என்ன, அழுதபிறகும் எனக்கு ஒரு கருத்து இருக்கும். நிபுணர் அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னால் நல்லது. இருக்கிறது என்று சொன்னால், நான் எங்கே இருக்கவேண்டும் என்று எனக்குத் தெளிவாக இருக்கும்போதே நானே சொல்லவேண்டும். அது உன் கீழறையாகக்கூட இருக்கலாம். தெரியாது. என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது என்பதுதான் இன்றைய பதில், ஆனால் கேள்.

வருகிற புதன்கிழமை, பத்தரை மணி. வேலைக்கு லீவு சொல்லிவிடு. நகரத்துக்குள் கார் விட இடம் கிடைக்காது, நாங்கள் பஸ்ஸில் போவோம். அங்கே போனதும் நீ வெளியில் இராதே, என்னோடு உள்ளே வா. அவர்கள் என்னை ஏதாவது கேட்டு, நான் உடனே பதில் சொல்லாமல் முழித்தால், உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடாதே, செந்தூரன். என்னை யோசிக்க விடு.

அம்மா